கிளவுஸ் ஷுல்ட்சேயை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் தொடங்கிய இடமே பிழை. 2022 மார்ச் மாதக் கடைசி. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் மின்சாரம் இல்லை, விசிறி இல்லை, கைப்பேசியில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. கிளவுஸ் ஷுல்ட்சே என்ற ஜெர்மானிய மின்னிசைக் கலைஞரைப் பற்றி நண்பர் ஒருவர் வாய் ஓயாமல் சொல்லியிருந்தார். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்ற என் பழக்கத்தின்படி, 1972இல் வெளிவந்த அவருடைய முதல் அல்பமான இர்லிக்டைப் போட்டேன். இருட்டு, வியர்வை, நுளம்பு. அவற்றுக்கு மேல் ஓர் ஆர்கனின் நீண்ட முனகல். கீழ்வீட்டு ஜெனரேட்டர் எது, இசை எது என்று பிரிக்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம், ஏப்ரல் 26ஆம் திகதி, அவர் இறந்துவிட்டார். அந்தச் செய்தியைப் படித்த குற்ற உணர்வில் வேறோர் அல்பத்தை எடுத்துக் கேட்டபோதுதான், வீட்டுக்குள் போகக் கொல்லைப்புற மதிலில் ஏறியிருக்கிறேன் என்று புரிந்தது. அதன் பிறகும் நான் தடுமாறியது குறைவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வெளியீடுகள், ஐம்பது இறுவட்டுகள் அடங்கிய பெட்டி, ஒரே இசை நான்கு உறைகளில். இரண்டு வருடமும் கொஞ்சம் பணமும் போன பிறகு எழுதுகிறேன். நீங்கள் அந்த இரண்டையும் மிச்சம் பிடிக்கலாம்.

அல்பங்களின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, எத்தனை பகுதிகள், எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். இசைச் செயலியில் கலைஞரின் பெயரைத் தேடி, அவற்றை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் நேரத்தை ஒதுக்குங்கள்

பணத்தைவிட இங்கே பெரிய செலவு நேரம். ஷுல்ட்சேயின் எழுபதுகளின் அல்பங்களில் பெரும்பாலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே உருப்படிதான் இருக்கும். அது 25 முதல் 30 நிமிடம் ஓடும். மூன்று நிமிடத்தில் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் எதுவும் கிடைக்காது. முதல் மூன்று நிமிடத்தில் அநேகமாக எதுவும் நடக்காது.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். 100ஆம் இலக்க பஸ்ஸில் மாலை நெரிசலில் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் தாராளமாக முடியும், மிச்சமும் இருக்கும். ரயிலில் வருகிறவர்களுக்கு என் ஆலோசனை: வேண்டாம். கோட்டையிலிருந்து கரையோரமாக வரும் அந்தப் பயணம் அழகுதான், ஆனால் திறந்த கதவும் தண்டவாள இரைச்சலும் கீழ்ச்சுரங்களை முழுதாக விழுங்கிவிடும். இந்த இசையின் பாதி கீழ்ச்சுரத்தில்தான் இருக்கிறது. அதே காரணத்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பதும் வீண். காதை மூடும் சாதாரண ஹெட்போன் ஒன்று போதும்; விலை உயர்ந்தது தேவையில்லை.

நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரை மணி நேரம் ஒரே ராகத்தில் நாகஸ்வரம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த காதுக்கு நீளம் ஒரு குறையாகத் தெரியாது. தம்புரா போல ஒரு சுருதி நிற்கும், அதன் மேல் ஒன்று மெல்ல விரியும். ஆனால் ஒப்பீட்டை அத்துடன் நிறுத்துங்கள். இங்கே கமகம் இல்லை. ஆலாபனை முடிந்து பல்லவி வரும் என்று காத்திருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். சீக்குவென்சர் என்ற கருவி எட்டோ பதினாறோ சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். சுரம் மாறாது, அதன் நிறம் மாறும். குமிழைத் திருகத் திருக அதே சுரம் மூடிய அறையிலிருந்து வெளியே வருவது போலத் தெளியும், மறுபடியும் உள்ளே போகும். காதை அங்கே வையுங்கள்.

2. முதல் மூன்று அல்பங்கள், இந்த ஒழுங்கில்

முதலாவது, மூன்டோன், 1976. இரண்டு பகுதிகள்: ஃபுளோட்டிங் 27 நிமிடம், மைண்ட்ஃபேஸ் 25 நிமிடம். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் மேளம். ஹரால்ட் குரோஸ்கோப் என்ற மேளக்காரர் இரண்டு பகுதியிலும் வாசிக்கிறார். மனிதக் கை ஒன்று உள்ளே இருப்பது புதிதாகக் கேட்பவருக்குப் பிடிமானம். ஃபுளோட்டிங்கின் ஆரம்பத்தில் ஓர் ஆண்குரல் ஏதோ முணுமுணுக்கும். செயலி பிழைத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், நான் அப்படி நிறுத்தியிருக்கிறேன். பிறகு சீக்குவென்சர் எழும்பும், மேளம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒருநாள் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ் அசையாமல் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் காதுக்குள் மட்டும் எல்லாம் மணிக்கு நூறு கிலோமீற்றரில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த மனிதரைப் பிடித்தது.

இரண்டாவது, டைம்விண்ட், 1975. இதிலும் இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி. மேளம் இல்லை. பைராய்ட் ரிட்டர்ன், வான்ஃபிரீட் 1883 என்ற தலைப்புகள் இரண்டும் வாக்னர் என்ற இசைமேதையைச் சுற்றியவை: பைராய்ட் அவருடைய ஊர், வான்ஃபிரீட் அவருடைய வீடு, 1883 அவர் இறந்த ஆண்டு. இவை தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. முதல் பகுதி ஓடும், இரண்டாவது மிதக்கும். இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். இரண்டாவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மிராஜ், 1977. வெல்வெட் வொயேஜ் 28 நிமிடம், கிறிஸ்டல் லேக் 29 நிமிடம். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான். மின்னணுவில் வரைந்த பனிக்கால நிலக்காட்சி என்று அவரே துணைத்தலைப்புக் கொடுத்திருக்கிறார். பனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும் கண்ட நாங்கள், சித்திரை மாத வெயிலில், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அப்பும் அறையில் இருந்து இதைக் கேட்கிறோம். ஆனாலும் கிறிஸ்டல் லேக்கின் ஆரம்பத்தில் கண்ணாடி மணிகள் போன்ற சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கும்போது கை சில்லிடுகிறது. இந்தப் பகுதியில் அந்த மணிகளை மட்டும் பின்தொடருங்கள்: எப்போது இரட்டிக்கின்றன, எப்போது கீழே வேறொன்று வந்து அவற்றைத் தாங்குகிறது என்று. ஒருமுறை அதைப் பிடித்துவிட்டால் மற்ற அல்பங்களைக் கேட்கும் வழி தானாகத் திறக்கும்.

மூன்றுக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இத்துடன் மூடிவிடலாம். பணம் எதுவும் போயிருக்காது.

3. செயலியில் ஏமாறாமல் இருப்பது

ஸ்பொட்டிஃபை 2021 முதல் இலங்கையில் கிடைக்கிறது. கேட்டுப் பார்க்கும் கட்டத்துக்கு இலவசக் கணக்கே போதும். விளம்பரம் பாட்டுக்குப் பாட்டு இடையில்தான் வரும். இங்கே ஒரு பாட்டு அரை மணி நேரம். இலவசக் கணக்குக்கு இவரைவிடப் பொருத்தமான கலைஞர் கிடைப்பது கடினம்.

பொறிகள் நான்கு.

ஆண்டு: பல செயலிகள் மறுபதிப்பு வந்த ஆண்டையே காட்டும். 1977இன் அல்பம் 2005 அல்லது 2016 என்று நிற்கும். அதை நம்பிப் ‘பிற்கால வேலை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பகுதிகளின் எண்ணிக்கையையும் நிமிடத்தையும் ஒப்பிடுங்கள்.

ஒட்டுப்பகுதிகள்: 2005ஐ ஒட்டி வந்த மறுபதிப்புகளில் அசல் இரண்டு பகுதிகளுக்குப் பின்னால் கூடுதல் இசையை ஒட்டியிருக்கிறார்கள். மூன்டோனில் 21 நிமிடம், மிராஜில் 19 நிமிடம். கெட்டவை அல்ல, ஆனால் அல்பம் இரண்டாவது பகுதியுடன் முடிகிறது. முதன்முறை கேட்கும்போது அங்கே நிறுத்துங்கள்.

அமைப்புகள்: ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் ஆரம்பத்துடன் கலக்கும் வசதியையும், கலைத்துப் போடும் வசதியையும், அல்பம் முடிந்ததும் ‘இதைப் போன்ற’ வேறு எதையாவது தொடரும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மூன்றாவது குறிப்பாகக் கொடியது. மிராஜ் அடங்கி ஓய்ந்த நொடியில் யாரோ ஒருவரின் யோகாசன இசை வந்து விழும்.

டேட்டா: உயர்ந்த தரமான 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 144 மெகாபைட் போகும், 96 கிலோபிட்டில் 43. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்றால் பெரிய தொகை அல்ல. கட்டணக் கணக்கு எடுத்தால் வீட்டு வைஃபையில் தரவிறக்கிக்கொண்டு பஸ்ஸில் இணையம் இல்லாமலே கேட்கலாம். கட்டணத்தைக் கடன் அட்டையில் செலுத்துகிறவர்கள் முதல் மாதக் கூற்றை ஒருமுறை வாசியுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவு என்று பதிவானால் வங்கியின் நாணயமாற்று வீதமும் அதற்கு மேலான அறவீடுகளும் சேர்ந்து, செயலி காட்டிய தொகையைவிடக் கூடுதலாக நிற்கும்.

4. அடுத்த வட்டம்

இங்கிருந்து வேகமாகப் போகலாம்.

பொடி லவ், 1977. வயது வந்தவர்களுக்கான ஒரு திரைப்படத்துக்குச் செய்த இசை. படத்தை மறந்துவிடுங்கள், இசை அந்தப் படத்துக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு நல்லது. மூன்று பகுதிகள். அதே ஆண்டில் இரண்டாம் பாகமும் வந்தது. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

எக்ஸ், 1978. இரட்டை அல்பம், ஆறு பேருடைய இசை வாழ்க்கை வரலாறுகள். தத்துவஞானி நீட்சே, டூன் நாவலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட், பவாரியாவின் இரண்டாம் லுட்விக் மன்னர் எல்லோரும் வருகிறார்கள். இரண்டாம் லுட்விக்கில் தந்தி வாத்தியக் குழு இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். கவிஞர் டிராக்லின் பெயரில் உள்ள பகுதி பழைய இசைத்தட்டில் ஐந்தரை நிமிடம்தான், பிற்கால இறுவட்டில் 26 நிமிடம். உங்கள் பதிப்பு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டூன், 1979. செலோ அருமை. இரண்டாம் பகுதியில் ஆர்தர் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பாடகர் உரத்த குரலில் பேசுகிறார். எனக்கு அது ஒத்துவரவில்லை.

1980இல் வந்த டிக் இட் என்ற அல்பத்திலிருந்து கணினிக் கருவிகள் வருகின்றன, ஒலி மெலிந்து கூர்மையாகிறது. எண்பதுகளை இப்போதைக்குத் தாண்டிவிட்டு, லீசா ஜெராட் பாடிய 2008இன் ஃபார்ஸ்கேப்புக்கு வரலாம். சொல் இல்லாத குரல், நீண்ட மூச்சு. வீட்டில் மற்றவர்கள் எழுந்து போகாமல் இருக்கும் ஒரே ஷுல்ட்சே அல்பம் இதுதான்.

இர்லிக்டுக்கு இதற்குப் பிறகுதான் முறை. அதில் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் என்ற கருவியே இல்லை: மாற்றியமைத்த ஓர் ஆர்கனும், பின்னோக்கி ஓடவிட்ட வாத்தியக் குழுவின் ஒலிப்பதிவும்தான். மின்சாரம் இருக்கும் நாளில் கேளுங்கள். 2022இல் அவர் மறைந்த பிறகு வெளிவந்த டெயுஸ் அராகிஸை, மூன்றே நீண்ட பகுதிகள், அதற்கு அடுத்த நாள் கேட்டால் ஐம்பது வருட இடைவெளி ஒரு நாளில் தெரியும்.

5. பெரிய பெட்டிகளைத் தொடாதீர்கள்

இது நான் பணம் கொடுத்துக் கற்றது. 1993இல் பத்து இறுவட்டுகளின் சில்வர் எடிஷன், 1995இல் இன்னும் பத்தின் ஹிஸ்டொரிக் எடிஷன், 1997இல் இருபத்தைந்தின் ஜூபிலி எடிஷன். இவை எல்லாவற்றையும் உள்ளே போட்டு 2000இல் ஐம்பது இறுவட்டுகளின் அல்டிமேட் எடிஷன். அதே சரக்கைக் கால வரிசைப்படி அடுக்கி, 2009 முதல் 2015 வரை லா வீ எலக்ட்ரோனிக் என்ற பெயரில் பதினாறு தொகுதிகள். ஒன்றை வாங்கியவர் இன்னொன்றை வாங்கினால் அதே இசையை இரண்டாம் தடவை வாங்குகிறார். நான் பழைய பெட்டி ஒன்றிலிருந்து பிரித்து விற்ற சில இறுவட்டுகளை வாங்கிவிட்டு, பிறகு தொகுதி ஒன்றையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நிமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இவையெல்லாம் வெளியிடாமல் வைத்திருந்த ஒலிப்பதிவுகளும் கச்சேரிப் பதிவுகளும். பதினைந்து அல்பமாவது உள்ளே போனவர்களுக்கு உரியவை. உண்மையாகவே வேண்டும் என்றால் லா வீ எலக்ட்ரோனிக்கில் ஒரு தொகுதியை மட்டும், எழுபதுகளின் நடுப்பகுதிக்கு உரியதை, எடுங்கள். அவர் ரிச்சர்ட் வான்ஃபிரீட் என்ற புனைபெயரிலும் அல்பங்கள் செய்திருக்கிறார். பீட் நாம்லுக் என்ற இன்னொரு ஜெர்மானிய மின்னிசைக் கலைஞருடன் சேர்ந்து தி டார்க் சைட் ஒஃப் தி மூக் என்று பதினொரு பாகங்கள் செய்திருக்கிறார். அவற்றின் பக்கம் இந்த வருடம் போக வேண்டாம்.

6. இறுவட்டு வாங்குவது: பணம், பத்திரம், காலம்

இசைத்தட்டா, இறுவட்டா? இறுவட்டு. ஒரு பக்கத்தில் அரை மணி நேரத்தை அடைக்க இசைத்தட்டின் கோடுகளை நெருக்கமாக வெட்ட வேண்டும். அதனால் ஒலி தாழும், பின்னணி இரைச்சல் மேலே வரும். இவருடைய மெல்லிய தொடக்கங்களுக்கு அது எமன். இறுவட்டின் எடையும் குறைவு, அதாவது அஞ்சல் செலவும் குறைவு. கணினியில் தட்டுப் போட இடமில்லாதவர்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வெளியே பொருத்தும் இறுவட்டு இயக்கி ஒன்றை வாங்கி, ஒருமுறை கணினியில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன், இசை வெளியீடுகளைப் பதிப்பு வாரியாகப் பட்டியலிடும் டிஸ்கொக்ஸ் தளத்தில் பதிப்பின் பட்டியல் எண்ணையும் பார்கோடையும் பாருங்கள். விற்பவரின் படத்தில் அந்த எண் தெரியாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அஞ்சலில் எடுப்பது என்றால் கணக்கை முதலே போடுங்கள். ஒரு மறுபதிப்பு 16 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜெர்மனியின் 19 சதவீத வரியும் அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது சில கடைகள் அதைக் கழித்துவிடும், விலை 13.45 யூரோவாக இறங்கும். கழிப்பார்களா என்று கேளுங்கள். கேட்காதவருக்குக் கழிக்காத கடைகளும் உண்டு. அஞ்சல் கட்டணம் தட்டின் விலையைத் தாண்டலாம். இங்கே வந்த பிறகு சுங்கம். பொருளின் விலைக்கு மட்டும் வரி என்று நினைத்தேன். அஞ்சல் செலவையும் சேர்த்துத்தான் பெறுமதியைக் கணக்கிடுகிறார்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். மற்ற அறவீடுகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே அனுப்பச் சொல்லும் முன் அந்த மாத நிலவரத்தை விசாரியுங்கள். ஒன்று ஒன்றாக எடுப்பதைவிட மூன்றைச் சேர்த்து எடுத்தால் அஞ்சல் செலவு பங்காகும்.

பதிவு அஞ்சலில் மட்டும் எடுங்கள். கண்காணிப்பு எண் பதின்மூன்று இடங்கள் கொண்டது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. விற்பவர் தரும் எண் இந்த வடிவில் இல்லாவிட்டால் அது வெறும் கடை ரசீது எண்ணாக இருக்கலாம். நான் அப்படி ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடினேன்.

அறிவித்தல் துண்டு வந்தால் கொண்டுபோக வேண்டியவை: அந்தத் துண்டு, தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், விலைப்பட்டியலின் அச்சுப் பிரதி, பணம் செலுத்தியதற்கான சான்று. விலைப்பட்டியலைக் கைப்பேசித் திரையில் காட்டி ஒரு கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்டேன். வெளியே வந்து அச்செடுத்துத் திரும்பியபோது மதிய உணவு இடைவேளை. ஆகவே காலையிலேயே போங்கள், காகிதத்துடன் போங்கள். உங்களுக்காக வேறொருவர் போவதென்றால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் கொடுத்தனுப்புங்கள். சில்லறைப் பணமும் வைத்திருங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறதா? தோன்ற வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு ஜெர்மனியில் யாராவது இருக்கிறார்கள். என் சித்தப்பா டோர்ட்மண்டில் இருக்கிறார். இப்போது நான் செய்வது இதுதான்: நல்லூர்த் திருவிழாவுக்காக அவர்கள் ஆடி ஆவணியில் வருவார்கள், மே மாதமே அவருடைய முகவரிக்குத் தட்டுகளை வரவழைத்துவிடுவேன். அஞ்சல் செலவு உள்நாட்டுக் கட்டணம் மட்டும். ஒரு தடவைக்கு மூன்று தட்டுக்கு மேல் கேட்பதில்லை, அவருடைய பெட்டியில் சொக்லேட்டுக்கும் இடம் வேண்டும். அட்டை உறையில் வரும் பதிப்பாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டி விமானத்தில் வெடித்துத்தான் வரும்.

போன வருடம் மிராஜின் உறை பிரிந்திருந்தது. என்னவென்று கேட்டேன். “தம்பி, டோர்ட்மண்டிலிருந்து ஹம் அம்மன் கோயிலுக்குப் போகும்போது காரில் போட்டுப் பார்த்தேன். பாட்டு எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன், கோயில் வந்துவிட்டது” என்றார் சித்தப்பா. பிறகு, திரும்பி வரும்போதும் அதையேதான் போட்டாராம்.